வகுப்பறையை விட்டுப் போகாத நாவலாசிரியர்கள்: காவிரிப் படுகையில் இளையோர் புனைவு

ஆங்கிலத்தில் இளையோருக்கான நாவல்களை எழுதிப் பெயர்பெற்றவர்கள் சிலருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு செய்தி பொதுவாகக் காணப்படும்: சில ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தினார், பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். அமெரிக்காவின் ரிக் ரியோர்டன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தவர். கிரேக்கத் தொன்மங்களை வைத்து அவர் எழுதிய நாவல் வரிசையின் முதல் நூல் 2005இல் வந்தது. இங்கிலாந்தின் பிலிப் புல்மன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோது மாணவர்கள் நடிப்பதற்காக நாடகங்கள் எழுதிப் பழகி, அந்த வழியாகச் சிறார் நாவலுக்கு வந்தவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் எழுதும் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கவிதைத் தொகுப்போ சிறுகதைத் தொகுப்போ வெளியிட்ட ஆசிரியர் ஒருவராவது இல்லாத ஒன்றியம் இங்கே அநேகமாக இருக்காது. ஆனால் எழுத்தை நம்பி வேலையை விட்டவரைத் தேடினால்தான் ஆள் அகப்படுவது கடினம். இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கினால், இப்பகுதியில் ஆசிரியர் ஒருவர் இளையோர் நாவலாசிரியராவது எப்படி நிகழ்கிறது, ஏன் இவ்வளவு தாமதமாக நிகழ்ந்தது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

முதற்காரணம் கணக்கு. தமிழில் சிறார், இளையோர் நூல்கள் பெரும்பாலும் நூறு பக்கத்தை ஒட்டியவை. 120 ரூபாய் விலையுள்ள நூல் 1,000 படிகள் விற்று, வழக்கமான 10 விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காகக் கைக்கு வந்தால் கிடைப்பது 12,000 ரூபாய். அந்த ஆயிரம் படிகள் விற்கச் சில ஆண்டுகள் ஆகலாம். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் ஊதிய நிலையோ 36,400 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் தனி. இந்த நிலையில் வேலையைத் துறந்து நாவல் எழுதப் போகிறேன் என்று ஒருவர் வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இங்கே நடப்பது தொழில் மாற்றம் அன்று. பாடக்குறிப்பேடு, விடைத்தாள் திருத்தம், எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றம், தேர்தல் பணி ஆகியவற்றுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் இரண்டாவது வாழ்க்கை ஒன்றைச் சேர்த்துக்கொள்வதுதான் நடக்கிறது. முழுநேரம் எழுத வேண்டுமென்றால் ஓய்வு வயது வரை காத்திருக்க வேண்டும். அந்த வயதும் 2021இல் 60 ஆக உயர்த்தப்பட்டது.

பள்ளியை விட்டு வெளியேறிய பெரிய பெயர் ஒன்று இப்பகுதிக்கு உண்டு. மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்த தி. ஜானகிராமன் ஏறத்தாழ 10 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். கும்பகோணத்தில் அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் பின்னாளில் நாவலாசிரியரான இந்திரா பார்த்தசாரதி. ஆனால் ஜானகிராமனும் நாவலுக்காகப் பள்ளியை விடவில்லை. அகில இந்திய வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பணிக்காக விட்டார். அதாவது, ஒரு சம்பளத்திலிருந்து இன்னொரு சம்பளத்துக்குப் போனார். கற்பித்தலும் ஏதோ ஒரு வடிவில் உடன் போயிற்று. அவருடைய 'மோகமுள்' கும்பகோணத்துக்குக் கல்லூரியில் படிக்க வரும் பாபு என்ற இளைஞனைப் பற்றியது. சங்கீதத்தின் மீதான வெறியும், தன்னைவிட வயதில் மூத்த யமுனாவின் மீதான மோகமும், குரு ரங்கண்ணாவிடம் அவன் பெறும் பயிற்சியும் சேர்ந்து ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையாக அது விரிகிறது. இதே கருவை இன்று வேறொரு மொழியில் எழுதினால் பதிப்பகம் அதை இளையோர் நாவல் என்று அட்டையில் அச்சிட்டாலும் வியப்பதற்கில்லை. தமிழில் அது 1950களில் பெரியவர்கள் படிக்கும் தொடர்கதையாக வந்தது. பிள்ளைகளின் கையில் எட்டாதபடி பரணில் வைக்கப்பட்ட வீடுகளும் இருந்திருக்கும்.

இது ஒரு நூலோடு நிற்கும் செய்தி அன்று. திருத்துறைப்பூண்டி வட்டம் கற்பகநாதர்குளத்தில் பிறந்து ஆசிரியப் பணிக்குச் சென்ற சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்', வேதாரண்யம் பகுதியின் உப்பு நிலத்தில் ஒரு தாயும் மூன்று பெண் பிள்ளைகளும் பிழைத்துக் கிடக்கும் கதை. அந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்து வயதுக்கு வருவதும், வேலைக்குப் போவதும், திருமணத்தில் மாட்டிக்கொள்வதும்தான் அதன் உடல். திருவாரூர்ப் பகுதிப் பள்ளி ஆசிரியரான சோலை சுந்தரபெருமாள், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணியை 'செந்நெல்' நாவலில் எழுதினார். இவர்கள் எல்லோரும் பகலில் 13, 14 வயதுப் பிள்ளைகளின் முன்னால் நின்றவர்கள். பதின்ம வயது அவர்கள் எழுத்தில் நிறையவே உண்டு. அந்த வயதினர் தங்கள் நூலை எடுத்துப் படிக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் எழுதும்போது அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடியே, அவர்களின் தலைக்கு மேலாகப் பெரியவர்களிடம் பேசினார்கள் என்று சொன்னால் அது குற்றச்சாட்டாகாது. அன்றைய தமிழ் நாவலின் வாசகர் யார் என்பதைச் சொல்வதாகவே ஆகும்.

அந்தப் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பிறகு கண்ணன், 1972இல் வந்த கோகுலம், முத்து காமிக்ஸ் என்று 12 வயது வரைக்கும் தமிழில் ஓரளவு தீனி இருந்தது. அதற்கு மேல் நேரே வார இதழ்த் தொடர்கதைக்கும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களுக்கும் தாவ வேண்டியதுதான். துப்பறியும் கதையோ குடும்பக் கதையோ, அதன் நாயகனுக்கு வேலை இருக்கும், நாயகிக்குக் கல்யாணக் கவலை இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவர் யாரும் அதில் இருக்க மாட்டார். அமெரிக்காவில் நூலகர்கள் தங்கள் சங்கத்துக்குள் இளையோர் சேவைக்கென்று 1957இலேயே தனிப் பிரிவு அமைத்துவிட்டார்கள். அந்த வயதை ஒரு வாசகப் பிரிவாக முதலில் நூலகம் ஏற்றது, பதிப்பகம் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டிலோ இந்த வேலையை நூலகமும் செய்யவில்லை, பதிப்பகமும் செய்யவில்லை. கடைசியில் அது ஆசிரியர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த இடத்தை அடையாளம் காட்டச் சொன்னால், நான் 'ஆயிஷா'வைக் காட்டுவேன். எழுதியவர் கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த இரா. நடராசன். கடலூர் நகரம் டெல்டாவுக்குள் அடங்காது என்றாலும் அதே மாவட்டத்தின் சிதம்பரமும் காட்டுமன்னார்கோவிலும் காவிரி பாயும் நிலம். நூலின் வாசகர்கள் எல்லையைப் பார்க்கவில்லை. 1990களில் வந்த அந்தக் குறுநாவலின் வடிவமே ஒரு தந்திரம். அறிவியல் நூல் ஒன்றுக்கு ஓர் ஆசிரியை எழுதும் முன்னுரையாக அது நடக்கிறது. காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்டுத் தன்னைத் திணறடித்த மாணவியை அவர் நினைவுகூர்கிறார். கேள்வி கேட்பதற்காக மற்ற ஆசிரியர்களிடம் அடி வாங்கி வாங்கி, அடி வலிக்காமல் இருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன்மீதே சோதித்து அந்தப் பெண் இறந்துபோகிறாள். கதையில் குற்றவாளி வெளியே இருந்து வரும் வில்லன் அல்லன், ஆசிரியர் அறைதான். எழுதியவரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பவர் என்பதால் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஏற்பட்ட கனம் வேறு யார் எழுதியிருந்தாலும் வந்திருக்காது. ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டது, மாணவர்கள் கைமாற்றிப் படித்தார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே நேரத்தில் எழுத முடியும் என்பது அங்கே உறுதியாயிற்று. 2014இல் நடராசனுக்கு சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் வேறொரு நூலுக்காகக் கிடைத்தது.

இதற்கு முன்பே நடை ஒன்று உருவாகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை உட்படப் பல மாவட்டங்களில் ஆசிரியர்கள் இரவு நேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். புதிதாக எழுத்துக்கூட்டுகிறவர்களுக்கு என்று சின்னச் சின்ன நூல்கள் தேவைப்பட்டன. அதுவரை மேடைத் தமிழும் பாடநூல் தமிழும் மட்டுமே எழுதிப் பழகிய ஆசிரியர்கள், ஒரு வரியில் ஒரு செயலை மட்டும் வைத்து எழுதக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திய துளிர் இதழும் இதே பயிற்சியைக் கொடுத்தது. எளிமை என்பதை அறிவுக் குறைவாக நினைக்காத ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இப்படித்தான் தோன்றினார்கள். அவர்களில் சிலர் பின்னர் பிள்ளைகளுக்கு எழுதத் திரும்பியது இயல்பான அடுத்த படி.

எழுதும் ஆசிரியருக்கு மற்ற எழுத்தாளர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை. சத்துணவு சாப்பிட்ட எட்டாம் வகுப்பு, ஆடி மாதக் காற்று, கண்ணைச் சொக்கும் நேரம். அந்த வேளையில் கையெழுத்துப் படியை எடுத்து ஓர் அத்தியாயம் படித்துக் காட்டினால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சொல்லாததை வகுப்பு சொல்லிவிடும். வர்ணனை மூன்றாவது வரிக்குப் போகும்போது கடைசி பெஞ்சில் பேச்சு தொடங்கும். வாய்க்காலில் மீன் பிடிக்கும் காட்சியில் கருவியின் பெயரைத் தப்பாகச் சொன்னால், தமிழ்ப் பாடத்தில் ஒருபோதும் வாய் திறக்காத பையன் எழுந்து, "சார், அது கச்சா வலை இல்ல, ஊத்தா" என்று திருத்துவான். கதையில் வரும் அம்மா பேசுவதைக் கேட்டுப் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தால், அந்த உரையாடல் பாடநூலிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு, அன்று இரவு அந்த இடங்களை வெட்டினால் போதும். இப்படித் தேய்த்தெடுத்த பக்கத்துக்கும் மேசையில் மட்டும் எழுதிய பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அச்சில் தெரியும். நாவலை எழுதிய ஆசிரியர் யாராவது பிள்ளைகளிடம் படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்திருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன், பிடிவாதமாகவும் இருக்கலாம்.

வசதிக்கு ஈடாகத் தடையும் அதே வகுப்பறையில் இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் ஊர்ப் பள்ளியில் குடிகாரத் தந்தை, சித்தி வீட்டில் வளரும் பெண், வளைகுடாவுக்குப் போய்த் திரும்பாத அப்பா என்று எதை எழுதினாலும் அது யாருடைய வீடு என்று ஊருக்குத் தெரியும். மாற்றல் ஆணை வரும் வரை அந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. மாறிப்போன பிறகோ பழைய ஊரைத்தான் எழுதத் தோன்றும். ஆகவே ஆசிரியர்களின் கதைகள் பெரும்பாலும் முந்தைய பணியிடத்தில் நடக்கின்றன. இன்னும் தீவிரமான எல்லை ஒன்றும் உண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்திருப்பதை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ஒரு மாணவி தனியே வந்து சொல்வது ஆசிரியருக்குக் கடமையாகிறது, கதைப்பொருளாக முடியாது. இந்தக் கருவைத் தொட்டுப் பரவலாகப் பேசப்பட்ட நூலான 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்தை, பொம்மை ஒன்று பேசும் கதையாக எஸ். பாலபாரதி எழுதியிருப்பது இந்த இடத்தில் கவனத்துக்குரியது. அந்நூல் 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பேசும் பொம்மை, பறக்கும் பெண், காட்டு விலங்கு என்று நம் சிறார் நாவல்கள் மாயத்தின் பக்கம் சாய்வதற்குக் குழந்தைகளின் விருப்பம் மட்டும் காரணமன்று, பெரியவர்களின் முன்னெச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்ற ஆவணமும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இலக்கியம் எழுதியதற்காக எல்லோரும் அலுவலகத்துக்கு அழைக்கப்படுவதில்லை. இருந்தாலும் ஒரு நாவலில் தலைமையாசிரியர் கெட்டவராக வந்தால், தன் பள்ளித் தலைமையாசிரியர் அதை எப்படிப் படிப்பார் என்ற யோசனை எழுதுகிறவருக்கு வராமல் போகாது. புனைபெயர்கள் இப்பகுதியில் ஏன் இவ்வளவு செழித்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதியைப் பற்றி எழுதும்போது இந்த யோசனை இரட்டிப்பாகிறது. நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதிப் பகையில் வெட்டிய நிகழ்வுக்குப் பிறகு 2023இல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிறு தெற்கத்தி மாவட்டங்களுக்கு மட்டும் உரியது என்று டெல்டாக்காரர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. குடித்தெருவும் காலனியும் தனித்தனியே இருக்கும் ஊர்களில், பிள்ளைகள் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதற்குக் கயிறு தேவைப்படுவதில்லை என்பதே உண்மை. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 'கயிறு' என்ற சிறுநூலை எழுதியவர் கும்பகோணத்துக்குக் கிழக்கே திருவாரூர் மாவட்ட விஷ்ணுபுரத்தைச் சேர்ந்த விஷ்ணுபுரம் சரவணன். அவர் ஆசிரியர் அல்லர், இதழாளர். ஆசிரியர்கள் தயங்கிய இடத்தில் வெளியிலிருந்து வந்தவர் எழுதினார் என்று கொள்ளலாம்.

விருதுப் பட்டியலும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. பட்டுக்கோட்டையில் பிறந்து ஓவியம் பயின்ற யூமா வாசுகி 2024இலும், 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்காக விஷ்ணுபுரம் சரவணன் 2025இலும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் டெல்டாவுக்கு வந்த இந்த இரண்டு விருதுகளில் ஒன்றுகூட ஆசிரியருக்கு வரவில்லை என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆசிரியர்கள் எழுதும் நாவல்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது: கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் ஒருவர் நுழைந்துவிடுகிறார். மரம் நடுவதைப் பற்றியோ கைப்பேசியின் தீமையைப் பற்றியோ அவர் இரண்டு பக்கம் பேசுகிறார், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், நாவல் முடிகிறது. பாடம் முடிந்ததும் கரும்பலகையில் கருத்தை எழுதும் பழக்கம் கையை விடுவதில்லை. 'ஆயிஷா'வில் ஆசிரியை பேசிக்கொண்டே இருந்தாலும் அது ஏன் உபதேசமாகவில்லை என்றால், அவர் தன் தோல்வியைப் பேசுகிறார்.

பொருள் என்னவோ கொட்டிக் கிடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் ஒரு விதமாகவும், திறக்காவிட்டால் வேறு விதமாகவும் பள்ளி ஆண்டு தொடங்குகிறது. குறுவை இல்லாத ஆண்டில் அப்பா திருப்பூருக்குப் போய்விடுவார். நடவுக் காலத்தில் அம்மாவோடு வயலுக்குப் போன பெண்ணின் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து ஆப்சென்ட் விழும். முத்துப்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தோடு வளரும் பிள்ளைகள் ஒரு பக்கம் இருக்க, 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, 30 ஆண்டு வருமானத்தை ஒரே இரவில் இழந்த வீடுகளில் பத்தாம் வகுப்புப் படித்தவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். 11ஆம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டி மட்டுமே ஒரு நாவலுக்குப் போதும். அதுவரை நான்கரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லாத பெண், அன்று முதல் எந்தக் கரை வழியாக வீட்டுக்குப் போவது என்று தானே முடிவு செய்கிறாள். அந்த முடிவைப் பார்த்து வீடு பதறுகிறது, தெரு பேசுகிறது. நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது தெரியாது. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை அனுப்பிவிடும் ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும்.

கடந்த சில ஆண்டுகளில் அரசின் பக்கமிருந்தும் கதவு திறந்திருக்கிறது. 2022இல் பள்ளிக்கல்வித் துறை 4, 5ஆம் வகுப்புகளுக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு, ஆசிரியர்களுக்குக் கனவு ஆசிரியர் என்று இதழ்களைத் தொடங்கியது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆசிரியர்கள் எழுத ஓர் இடமும், எழுதியதைப் பிள்ளைகள் கையில் சேர்க்க ஒரு வழியும் இவற்றால் கிடைத்தன. இவையெல்லாம் சிறுநூல்களும் சிறுகதைகளும்தான், நாவல் அல்ல என்றாலும், முதல் நூல் எழுதத் தயங்கிய பலருக்கு அந்தப் பதினாறு பக்கம் போதுமான தொடக்கம்.

சிக்கல் 15 வயதில் தொடங்குகிறது. பால சாகித்திய புரஸ்காருக்கான வயது வரம்பு 9 முதல் 16 வரை. நான்காம் வகுப்புக் குழந்தையும் பதினோராம் வகுப்பு மாணவரும் ஒரே விருதுக்குள் அடங்குகிறார்கள். தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது பொதுத்தேர்வு. 2017-18 முதல் 2024-25 வரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பொதுத்தேர்வு இருந்தது; பதினொன்றாம் வகுப்புத் தேர்வு 2025-26 முதல் விலக்கப்பட்டிருக்கிறது. இளையோர் நாவல் யாருக்காக எழுதப்படுகிறதோ அந்த வயதில் பாடநூல் அல்லாத நூலைக் கையில் எடுத்தால் வீட்டில் கேள்வி வரும், பள்ளியில் நூலகப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போயிருக்கும். மாவட்ட மைய நூலகங்களிலும் சிறுவர் பிரிவில் போய் உட்கார 16 வயதுக்காரருக்குக் கூச்சம். பெரியவர்கள் அடுக்கில் தேடினால் அவருக்கான நூல் அங்கே இருக்காது, சிறுவர் பிரிவில்தான் அடுக்கப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்பு வினாத்தாளுக்கு மாதிரி விடை தயாரித்துக் கொடுப்பவரும், அதே மாணவர் படிக்க வேண்டும் என்று நாவல் எழுதுகிறவரும் டெல்டாவில் பெரும்பாலும் ஒரே ஆள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அவர் வகுப்புக்குள் எடுத்துச் செல்வது முதலாவதைத்தான்.